துருவத்தின் இரு கரைகள்



உலகத் தேசப்படம் ஒன்றைச் சுவரிலே மாட்டி, அதன் மேலோரத்தைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். இடக்கோடியில் அலாஸ்கா தெரியும். அதன் வடவெல்லையில், உறைகடலின் கரையிலே, உட்கியாக்விக் என்றோர் ஊர் உண்டு. 2016 ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் வாக்களித்துத் தம் பழம்பெயரை மீட்டுக்கொள்ளும்வரை உலகம் அதனைப் பரோ என்றே அழைத்துவந்தது. சரித்திர நூல்களிலும் அப்பெயரே காணப்படுவதால் யானும் இப்பேச்சில் பரோ என்றே கூறுவேன். அதே படத்தின் நடுவே, நோர்வே நாட்டுக்கு வடக்கில், ஸ்வால்பார்ட் என்னும் தீவுக்கூட்டம் இருக்கின்றது. அதனுட் பெரிய தீவு ஸ்பிற்ஸ்பேர்கன். அத்தீவிலே லோங்யேர்பியென் என்னும் சிற்றூர். இவ்விரண்டு ஊர்களிலும் இன்று விமான நிலையங்கள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை தூரம், பறந்து செல்ல எத்தனை நேரம் என்று மாணவன் ஒருவன் கேட்டால், ஆசிரியர் அளவுகோலை எடுத்து அப்படத்தின்மேல் வைத்தலாகாது.

ஏன் எனிற் கூறுவேன். நம் பாடசாலைச் சுவர்களிலே தொங்கும் படங்களிற் பல, மேர்க்கேற்றர் என்பார் 1569 ஆம் ஆண்டில் வகுத்த முறையைத் தழுவியன. அம்முறை கடலோடிகளுக்குப் பேருதவி புரிந்தது என்பது மெய்யே. ஆயினும், ஒரு புள்ளியாகிய வடதுருவத்தை அது படத்திற் காட்டவே இயலாது. துருவத்தை அண்டிய நாடுகளையோ வலமும் இடமுமாக இழுத்து விரித்துவிடும். அப்படத்திலே பரோவையும் லோங்யேர்பியெனையும் இணைத்து நேர்கோடு வரைந்தால், அக்கோட்டின் வழியே செல்பவன் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் பிரயாணஞ் செய்தல் வேண்டும். இனிப் பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் நுனியைப் பரோவில் வைத்து மறு நுனியை ஸ்பிற்ஸ்பேர்கனில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் கிழக்கு நோக்கி ஓடாது. நேரே மேலேறித் துருவத்துக்கு ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் அண்மையிற் சென்று, மறுபுறம் இறங்கும். அந்நூலின் வழி 3,380 கிலோமீற்றர். மைலிற் கூறின் 2,100. நமது இலங்கையைப் பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை அளந்தால் வரும் நீளத்தைப் போல் இஃது எட்டு மடங்கு. இக்காலத்து ஜெட் விமானம் ஒன்று இத்தூரத்தை ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்திற் கடந்துவிடும்.

கணிதம் இங்கே முடிந்தது. ஆயின் சரித்திரம் இங்கிருந்துதான் தொடங்குகின்றது. அந்த நூல் செல்லும் வழியில் என்ன இருக்கின்றது என்பதை இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதி கழிந்தபோதும் எவரும் முற்றாக அறிந்திருக்கவில்லை. நோர்வே நாட்டு நான்சென் தம் 'பிராம்' என்னுங் கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் உறையவிட்டு, அது நகரும் போக்கிலே மிதந்து செல்லவைத்தார். 1893 இற் புறப்பட்ட அக்கப்பல் 1896 இலேதான் ஸ்பிற்ஸ்பேர்கன் அருகே விடுதலை பெற்றது. எனினும் அலாஸ்காவுக்கும் துருவத்துக்கும் இடையே பரந்த ஒரு பகுதி படத்தில் வெண்மையாகவே கிடந்தது. அங்கே ஒரு நிலப்பரப்பு, ஒருவேளை ஒரு சிறு கண்டமே, மறைந்திருக்கலாம் என்று நம்பியோர் பலர். அடிவானத்திலே மலைகளைக் கண்டதாகச் சத்தியஞ் செய்தோரும் இருந்தனர். பனிவெளியிலே கானல் காட்டும் மலைகள் மெய்ம்மலைகளைப் போலவே தோன்றுமாம்.

1926 மே மாதம் ஸ்பிற்ஸ்பேர்கனிலிருந்து 'நோர்ஜ்' என்னும் ஆகாயக் கப்பல் புறப்பட்டது. அமுண்ட்சன், எல்ஸ்வேர்த், இத்தாலியரான நோபிலே ஆகியோர் உட்படப் பதினாறு பேர் அதிற் சென்றனர். ஏறத்தாழ மூன்று நாட்களின் பின், துருவத்தைக் கடந்து, அலாஸ்காவின் தெல்லர் என்னும் ஊரில் அஃது இறங்கிற்று. அதற்கு இரண்டு நாள் முன்னரே தாம் விமானத்தில் துருவத்தை அடைந்து மீண்டதாக அமெரிக்கரான பேர்ட் அறிவித்தார். அவர் உண்மையில் அடைந்தாரா இல்லையா என்ற வழக்கு இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. முதல்வன் யார் என்ற அவ்வழக்கிலே சரித்திர ஆசிரியர்கள் செலவிட்ட மையிற் பாதியை, ஈராண்டு கழித்து அதே கடலை மறுபுறமிருந்து ஓர் ஒற்றை எந்திர விமானத்திற் கடந்த இருவர்பாற் செலவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவ்விருவருள் ஒருவர் ஹியூபேர்ட் வில்கின்ஸ். இவர் 1888 இல் தென் அவுஸ்திரேலியாவிலே ஒரு பண்ணைக் குடும்பத்திற் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். இளமையிலே கொடிய வரட்சியையும், அதனால் மந்தைகள் மடிந்து குடிகள் நொடிந்ததையும் கண்ணாரக் கண்டார். வானிலையை முன்னறிய வேண்டுமாயின் துருவங்களின் காற்றையும் குளிரையும் அறிதல் வேண்டும். அங்கே அவதான நிலையங்கள் அமைத்தல் வேண்டும் என்ற கருத்து அவருள்ளத்தில் வேரூன்றிற்று. அவர் வடதிசை சென்றது வெறும் புகழுக்காக அன்று. மழை எப்பொழுது வரும், எப்பொழுது பொய்க்கும் என்று அறியும் ஆவலினாலேயே சென்றார். வரட்சி என்றால் என்ன என்பதை நம் வன்னி விவசாயிகளுக்கு எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை.

மற்றவர் கார்ல் பென் ஐல்சன். இவர் ஓர் ஆசிரியர் என்று கூறும்போது எனக்குச் சிறிது பெருமிதம் தோன்றுவதை மறைக்க மாட்டேன். 1922 இல் அலாஸ்காவின் பெயர்பாங்ஸ் நகரத்து உயர்தரப் பாடசாலைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க வந்தார். முதலாம் உலக யுத்த காலத்திலே விமானம் ஓட்டப் பழகியவராதலின், கரும்பலகையின் முன் அவர் மனம் நெடுநாள் தரிக்கவில்லை. ஊரார் சிலர் பணஞ் சேர்த்து வாங்கிய பழைய விமானம் ஒன்றிலே பறக்கத் தொடங்கினார். 1924 பெப்ரவரியிலே பெயர்பாங்ஸிலிருந்து மக்கிராத் என்னும் ஊருக்கு அஞ்சல் கொண்டுசென்றார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்த அவ்வழி, அவருக்கு மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்தது. வடநாட்டிலே தூரம் என்பதன் பொருள் அன்றே மாறத் தொடங்கிவிட்டது.

வில்கின்ஸ் 1926 இலும் 1927 இலும் பரோவைத் தளமாகக் கொண்டு முயன்றார். பணம் குறைந்தது, விமானங்கள் பழுதடைந்தன. 1927 மார்ச்சு மாத இறுதியில் இருவரும் பரோவிலிருந்து வடமேற்கே ஐந்நூறு மைலுக்கு மேற் பறந்து சென்றபோது எந்திரம் தடுமாறிற்று. வேறு வழியின்றி மிதக்கும் பனிக்கட்டியின்மேல் இறங்கினர். ஐல்சன் வெறுங் கையால் எந்திரத்தைச் செப்பஞ் செய்துகொண்டிருக்க, வில்கின்ஸ் பனியிலே துளையிட்டு, வெடியொலி கடலடியில் மோதி மீளும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அளந்தார். ஆழம் மிகப் பெரிதெனக் காட்டிற்று. நிலம் அருகில் இருப்பின் கடல் அவ்வளவு ஆழமாயிருத்தல் அரிது அன்றோ? திரும்பும் வழியில் இருளும் புயலும் சூழ்ந்தன, பெற்றோல் தீர்ந்தது, மீண்டும் பனிமேல் விழுந்தாற்போல் இறங்கினர். விமானத்தைக் கைவிட்டு, நகரும் பனிப்பாளங்களின்மேல் நாட்கணக்காக நடந்தும் தவழ்ந்தும் கரையேறினர். ஐல்சனின் கைவிரல் ஒன்று உறைந்து அழிந்தமையால் வெட்டி நீக்கப்பட்டது. அதன் பின்னரும் அவர் அடுத்த ஆண்டு மீண்டும் வர இசைந்தார்.

பழைய விமானங்களை விற்கும் நோக்குடன் வில்கின்ஸ் சான் பிரான்சிஸ்கோ நகரிலே தங்கியிருந்தபோது, யன்னலின் வழியே புதுவகை விமானம் ஒன்று பறந்து செல்லக் கண்டார். உடல் முழுதும் மரத்தகட்டால் வார்த்தெடுத்தது. இறக்கைகளைத் தாங்கும் கம்பிகளோ முட்டுக்களோ வெளியே இல்லை. அதனைத் தேடிச் சென்று கண்டுபிடித்தார். 'லொக்ஹீட் வேகா' என்பது அதன் பெயர். 220 குதிரைவலு எந்திரம் ஒன்றே அதற்கு. அவர் விற்றுவிட்ட மூன்று எந்திரப் பொக்கர் விமானத்தைச் சார்ள்ஸ் கிங்ஸ்போர்ட் சிமித் வாங்கினார். அதுவே 'சதேர்ன் குறொஸ்' என்ற பெயருடன் 1928 இற் பசிபிக் சமுத்திரத்தை முதன்முதல் விமானத்தாற் கடந்தது. ஒருவர் கைவிட்ட பொருள் இன்னொருவருக்குச் சமுத்திரத்தைத் தாண்டிக் கொடுத்தது.

1928 ஏப்ரல் மாதம் வேகா பரோவில் நின்றது. இனி ஓடுபாதை வேண்டும். இருபது மணித்தியாலத்துக்கு மேற் பறக்கப் போதிய பெற்றோலைச் சுமந்த விமானம் இலகுவில் நிலம் விட்டெழாது. நீண்ட, சமமான பாதை வேண்டும். அப்பாதையை அமைத்தோர், எஸ்கிமோவர் என்று பழைய நூல்கள் கூறும் இனுப்பியாட் மக்கள். மண்வாரிகளைக் கையிற் கொண்டு, உறைந்த பனியை வெட்டி ஒதுக்கி, ஒடுங்கிய பாதை ஒன்றைச் செப்பனிட்டனர். முதல் முயற்சிகள் கைகூடாதபோது இன்னும் நீளமாக வெட்டினர். இன்று பரோவிலே நிலைத்திருக்கும் விமான நிலையத்துக்கு அன்று பனியில் வெட்டிய அப்பாதையை முன்னோடி எனலாம். அதனை வெட்டிய கைகளுக்கு உரியவர் பெயர்களை நம் பாடநூல்கள் எங்கும் பொறிக்கவில்லை.

ஏப்ரல் 15 ஆந் தேதி வேகா மேலெழுந்தது. விமானிக்கும் வில்கின்ஸுக்கும் இடையே பெற்றோல் தாங்கி இருந்தமையால் இருவரும் முகம் பார்த்துப் பேச வழியில்லை. துண்டுக் கடிதம் எழுதிக் கைமாற்றியே கருத்தைப் பரிமாறினர். எந்திரத்தின் பெருமுழக்கத்தினிடையே அதுவே தக்க வழியுமாயிற்று. சிறியதொரு வானொலிக் கருவியும் அவர்களுடன் இருந்தது.

அவர்களுக்கு நேர்ந்த பெருஞ் சிக்கல் குளிர் அன்று, திசை. காந்த முனை அக்காலத்திற் கனடாவின் வடதீவுகளிடையே இருந்தது. ஆகவே துருவத்துக்கும் காந்த முனைக்கும் இடையே பறப்பவனுக்குத் திசைகாட்டியின் ஊசி வடக்கைக் காட்டாது. நாழிகைக்கு நாழிகை அதன் பிழை மாறும். மேலும், அங்கே தீர்க்க ரேகைகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதனால், நம் நாட்டிற் பல நாட் பிரயாணத்திற் கடக்கவேண்டிய ரேகைகளைச் சில மணித்தியாலத்தில் விமானம் கடந்துவிடும். வடகிழக்கு என்று புறப்பட்டவன், சுக்கானைத் திருப்பாமலே தென்கிழக்கு நோக்கிப் பறந்துகொண்டிருப்பான். வில்கின்ஸ் வழி முழுவதையும் முன்கூட்டியே பகுதி பகுதியாகக் கணித்து வைத்திருந்தார். சூரியனை அளந்து அளந்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய திசையைத் தாளில் எழுதி ஐல்சனுக்குக் கொடுத்தார். கணித ஆசிரியர் ஒருவர் விமானியாய் வாய்த்தது வீண்போகவில்லை.

அவர்கள் துருவத்தின்மேற் பறக்கவில்லை. நேர்வழியை விட்டுச் சற்றே விலகி, எவரும் பாராத பகுதியைப் பார்க்கும்பொருட்டு, எல்ஸ்மியர் தீவின் வடபுறமாகச் சென்றனர். அதனால் வழி 2,200 மைலாயிற்று. துருவத்தை எட்டினோம் என்று கூறிக்கொள்ளும் பெருமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதனை விடுத்து அறியாத இடத்தை நாடிய அச்செயலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஸ்பிற்ஸ்பேர்கனை அணுகியபோது புயல் மூண்டிருந்தது. முகப்புக் கண்ணாடி பனிபடிந்து மறைய, வெண்ணிலமும் வெண்வானும் வேறுபாடின்றிக் கலந்துகிடக்க, கண்ணுக்குப்பட்ட சிறிய சமவெளி ஒன்றில் ஐல்சன் விமானத்தை இறக்கினார். பரோ விட்டு 20 மணித்தியாலமும் 20 நிமிடமும் ஆகியிருந்தன. சராசரி வேகம் மணிக்கு 108 மைல். பின்னர் அறிந்தபோது அவர்கள் இறங்கிய சிறுதீவின் பெயர் பிணத் தீவு என்ற பொருளுடையதாயிருந்தது. ஐந்து நாள் புயல் ஓயவில்லை, விமானத்தினுள்ளேயே அடைந்துகிடந்தனர். ஓய்ந்தபின் புறப்பட முனைந்தபோது சறுக்குப் பாதங்கள் பனியிலே பற்றிக்கொண்டன. வில்கின்ஸ் கீழே நின்று தள்ள, விமானம் விடுபட்டு ஓடி எழுந்தது. அவரோ ஏற முடியாமற் பனியில் உருண்டார். ஐல்சன் மேலே சென்றபின் அவரைக் காணாது திரும்பி இறங்கினார். மறுமுறையும் அவ்வாறே நிகழ்ந்தது. இறங்கும்போதும் எழும்போதும் எஞ்சியிருந்த சொற்பப் பெற்றோல் கரைந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறையே இருவரும் ஒருங்கே எழுந்தனர். சில நிமிடம் பறந்ததும் கீழே வானொலிக் கம்பங்கள் தெரிந்தன. அது கிறீன் ஹார்பர் என்னும் நோர்வே நாட்டுத் தந்தி நிலையம்.

அங்கிருந்து அமெரிக்கப் பூகோளச் சங்கத்துக்கு வில்கின்ஸ் அனுப்பிய தந்தியிலே, நரிகள் எவையும் காணப்படவில்லை என்ற ஒரு வாசகம் இருந்தது. தந்தி நிலையத்தார் வியந்திருத்தல் கூடும். நரி என்பது நிலத்துக்கு அவர்கள் வைத்த மறைபெயர். நிலம் இல்லை, அவர்கள் கண்ணுக்கு எட்டிய பரப்பெல்லாம் கடலும் பனியுமே என்பது அதன் பொருள். தேடியது கிடைக்கவில்லை என்று கூறுவதற்காக இருவர் உயிரைப் பணயம் வைத்தனரோ என்று எண்ணத் தோன்றும். ஆயின் பூகோள நூலுக்கு அச்செய்தி ஒரு புதுத்தீவுக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று. கற்பனை நிலங்கள் படத்தினின்று உதிரத் தொடங்கின. அமுண்ட்சனே அப்பயணத்தைப் பெரிதும் வியந்து புகழ்ந்தார். அந்த ஆண்டு யூன் மாதத்தில் நோபிலேயைத் தேடிச் சென்ற அமுண்ட்சன் மீண்டுவரவில்லை.

வில்கின்ஸுக்கு இங்கிலாந்து மன்னர் 'சேர்' பட்டம் அளித்தார். ஐல்சன் 1929 நவம்பரிலே, சைபீரியக் கரையருகே பனியிற் சிக்கிய கப்பலொன்றுக்கு உதவப் பறந்தபோது, தம் எந்திரத் தொழிலாளருடன் விழுந்து மாண்டார், வயது 32. வில்கின்ஸ் பின்னர் நீர்மூழ்கிக் கப்பலிலே பனிக்கடியாற் செல்லவும் 1931 இல் முயன்று தோற்றார். 1958 இல் அவர் இறந்தபின், 1959 மார்ச்சிலே 'ஸ்கேற்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கி துருவத்திற் பனியைப் பிளந்து மேலெழுந்து, அவர் சாம்பலை அங்கே தூவிற்று. தாம் விலகிச் சென்ற துருவத்துக்கு அவர் அவ்வாறு வந்துசேர்ந்தார்.

விமான நிலையங்கள் பிற்காலத்திலே தோன்றின. பரோ நிலையம் வைலி போஸ்ற், வில் றொஜேர்ஸ் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. போஸ்ற், 1933 இலே வேகா விமானம் ஒன்றில் உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் விமானி. றொஜேர்ஸ் அமெரிக்கர் பெரிதும் விரும்பிய நகைச்சுவையாளர். 1935 ஓகஸ்ட் 15 இல் பரோவுக்கு அண்மையில் விமானம் விழுந்து இருவரும் இறந்தனர். இன்று அவ்வூரில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்கின்றனர். வேறெவ்வூருடனும் இணைக்கும் வீதி இல்லை. பெயர்பாங்ஸ் நகரம் தெற்கே ஐந்நூறு மைல். நோயாளியை மேல்வைத்தியத்துக்குக் கொண்டுசெல்லவும், பிள்ளைகள் உயர்கல்விக்குச் செல்லவும், கோடைக் கப்பல் வராத மாதங்களிற் பால்மா வந்துசேரவும் அந்த ஓடுபாதையே வழி.

ஸ்பிற்ஸ்பேர்கனின் நிலையோ இன்னும் கடினமானது. குளிர்காலத்திற் கடல் உறைந்தால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அடுத்த கோடைவரை உலகத்தினின்று துண்டிக்கப்பட்டிருந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அஞ்சல் மூட்டைகளை விமானத்திலிருந்து கீழே போட்டுச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. 1920 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி தீவுகள் நோர்வேயின் ஆட்சிக்குட்பட்டவை. எனினும் சோவியத் நாட்டவரும் அங்கே சுரங்கம் நடத்தினர். ஓடுபாதை அமைத்தால் அது யுத்தத்துக்குப் பயன்படுமோ என்ற ஐயம் நெடுங்காலம் நின்றது. ஈற்றில் 1975 இலேதான் லோங்யேர்பியெனில் நிலையான விமான நிலையம் திறக்கப்பட்டது. என்றும் உறைந்த நிலத்தின்மேல் இட்ட பாதையாதலின், அடிநிலம் சற்று இளகினும் மேற்பரப்பு அலையலையாகக் குழிந்துவிடும். வெப்பம் ஏறிவரும் இந்நாட்களில் அதனைப் பேணுவது முன்னிலும் பெருந்தொல்லை.

இப்போது மாணவனின் வினாவுக்கு மீள்வோம். 1928 இல் 20 மணித்தியாலம் 20 நிமிடம். இன்று பறந்தால் நான்கு மணித்தியாலம். ஆனால் அவ்விரு நிலையங்களுக்குமிடையே பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் எதுவும் இல்லை. பரோவிலிருப்பவர் லோங்யேர்பியென் செல்ல விரும்பின், முதலில் தெற்கே அங்கறேஜ், பின் இன்னுந் தெற்கே சியற்றில், அங்கிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி ஐரோப்பா, பின் ஒஸ்லோ, அதன்பின் மீண்டும் வடக்கே என்று சுற்றிச் செல்லல் வேண்டும். ஒரு முழு நாளிலும் அது முடியாது. விமானம் மைல்களைப் பார்த்துப் பறப்பதில்லை. சீட்டு வாங்குவோர் எங்கே இருக்கின்றனர் என்று பார்த்துப் பறக்கின்றது. ஒவ்வொரு வடதிசை ஊரும் தன் நாட்டுத் தலைநகரை நோக்கித் தெற்கே முகம் திருப்பி நிற்கின்றது. எதிர்க்கரையிலுள்ள அயலூரை நோக்கி நிற்பதில்லை. பனிப்போர்க் காலத்திற் பரோவருகே எழுப்பிய கண்காணிப்புக் கோபுரங்கள்தாம் துருவத்துக்கு அப்பால் இடைவிடாது நோக்கியிருந்தன. அந்நோக்கு நட்பின் நோக்கன்று.

இதிலொரு விசித்திரமும் உண்டு. ஸ்கந்தினேவிய விமானச் சேவையினர் 1957 இற் கோப்பன்ஹேகனிலிருந்து துருவத்தின் மேலாக அங்கறேஜ் வழியே தோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கினர். பிற்காலத்தில் உருசிய வான்வழி திறந்தபோது துருவவழி பெருமளவு கைவிடப்பட்டது. 2022 இல் உக்கிரேன் யுத்தத்தால் அவ்வான்வழி மூடப்பட, பின்லாந்தின் விமானங்கள் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோ செல்ல மீண்டும் ஸ்பிற்ஸ்பேர்கன், துருவம், அலாஸ்கா என்ற வழியை மேற்கொண்டன. முன்பு பத்து மணித்தியாலத்துக்குள் முடிந்த பிரயாணம் பதின்மூன்று மணித்தியாலமாயிற்று. வில்கின்ஸும் ஐல்சனும் கடந்த கடலை நூற்றுக்கணக்கான பிரயாணிகள் இன்று போர்வைக்குள் உறங்கியபடி கடக்கின்றனர். கீழேயுள்ள இவ்விரண்டு ஊர்களிலும் அவர்கள் இறங்குவதில்லை.

வினாவைக் கேட்ட மாணவன் கெட்டிக்காரனாயின் இன்னொரு வினாவும் கேட்பான்: போய்ச் சேரும்போது மணி என்ன? லோங்யேர்பியென் கடிகாரம் பரோக் கடிகாரத்துக்குப் பத்து மணித்தியாலம் முந்தியது. பரோவிற் காலை எட்டு மணிக்குப் புறப்படுபவர் நான்கு மணித்தியாலம் பறந்து, ஸ்பிற்ஸ்பேர்கனில் இரவு பத்து மணிக்கு இறங்குவார். எதிர்வழியே லோங்யேர்பியெனிற் காலை எட்டு மணிக்கு ஏறுபவரோ, அதே நாளின் அதிகாலை இரண்டு மணிக்குப் பரோவை அடைவார். அதாவது, கடிகாரத்தின்படி, புறப்படுவதற்கு ஆறு மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவார். கோடைகாலமாயின் இரு நிலையங்களிலும் அந்த வேளையிற் சூரியன் வானிலேயே நிற்கும். அத்தகைய பிரயாணத்துக்குச் சீட்டு விற்பார் மட்டும் இன்றுவரை எவரும் இல்லை.